கடித்த நாயும் பத்து நாள் காவலும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரையை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ள திருக்கழுக்குன்றம், தன் பெயரிலேயே ஒரு பறவையைத் தாங்கி நிற்கும் ஊராகும். வேதகிரீசுவரர் கோயில் அமைந்த மலையில் நாள்தோறும் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் வந்திறங்கிச் சர்க்கரைப் பொங்கல் உண்டு சென்றதும், அதனைக் காண வெளியூர்களிலிருந்து மக்கள் திரண்டதும் அண்மைக் கால வரலாறே. பறவை நூலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பர். பிணந்தின்னிக் கழுகினத்தைச் சேர்ந்தவை அவை. 1990களோடு அவற்றின் வருகை நின்றுபோயிற்று. அதே கால அளவில் நாடெங்கும் கழுகினங்கள் அருகின. தெருக்களில் நாய்கள் பெருகின. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பின்னர்க் காண்போம்.

இவ்வூரிலாயினும் தமிழகத்தின் வேறெவ்வூரிலாயினும் ஒருவரை நாய் கடித்துவிட்டால் சுற்றி நிற்போர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "நாய் உயிரோடு இருக்கிறதா?" அடுத்து வரும் அறிவுரையும் எல்லோரும் அறிந்ததே: "பத்து நாள் பார்ப்போம், நாய் சாகாவிட்டால் பயமில்லை." இந்த அறிவுரையின் முற்பாதி அறிவியலின் நெடிய உழைப்பில் விளைந்த உண்மை. பிற்பாதி, அதாவது அதுவரை கடியுண்டவரும் காத்திருக்கலாம் என்னும் பொருள், உயிரைப் பறிக்கும் பிழை. ஓர் உண்மையும் ஒரு பிழையும் எவ்வாறு ஒரே வாக்கியத்தில் குடியேறின என்பதை வரலாற்றின் வழியே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எச்சரிக்கப்பட்ட உரிமையாளர்

வெறிநாய் குறித்து நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சட்டங்களுள் ஒன்று இன்றைய இராக்கின் மண்ணிலிருந்து கிடைத்தது. எஷ்நுன்னா என்னும் பண்டைய நகர அரசின் சட்டங்கள் பொறித்த களிமண் பலகைகள், பக்தாத் நகரையடுத்த தெல் ஹர்மல் என்னுமிடத்தில் 1940களில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சட்டங்களில், வெறிபிடித்த நாயொன்றைப் பற்றி ஊர்ப் பகுதியின் அதிகாரிகள் அதன் உரிமையாளருக்கு அறிவித்திருந்தும், அவர் அதனைக் காவலில் வைக்காமல் விட்டதால் அது ஒருவரைக் கடித்து அவர் இறந்துபோனால், உரிமையாளர் 40 ஷெக்கல் எடை வெள்ளி தரவேண்டும் என விதிக்கப்பட்டது. இறந்தவர் அடிமையாயின் தண்டம் 15 ஷெக்கல். மனித உயிரின் விலையில் அக்காலம் காட்டிய வேறுபாடு நம்மை வருத்துவதாயினும், அச்சட்டத்தின் அடித்தளம் கூர்ந்து நோக்கத்தக்கது. நாய் கடித்ததற்காக மட்டும் உரிமையாளர் குற்றவாளி ஆவதில்லை. எச்சரிக்கப்பட்ட பின்னரும் அதனைக் கட்டிவைக்கத் தவறியதே குற்றம்.

இதே கோட்பாட்டை இஸ்லாமியச் சட்டவியலிலும் காண்கிறோம். வாயில்லாப் பிராணி தானாக இழைக்கும் சேதத்துக்கு ஈடு இல்லை என்பது பொதுவிதி. ஆயினும் முட்டும் மாடு, கடிக்கும் நாய் போன்று தீங்கு உறுதியாக அறியப்பட்ட ஒரு விலங்கைக் கட்டிவைக்குமாறு ஊரார் அல்லது தெருவார் ஒருவர் எச்சரித்திருந்தும் அதனை அவிழ்த்துவிட்டவர் சேதத்துக்குப் பொறுப்பாவார் என ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்தனர். உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பில் இவ்விதி தெளிவாக இடம்பெற்றது. இந்தியாவில் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 289ஆம் பிரிவில் விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவாக அவ்விதி தொடர்கிறது. நாற்பது நூற்றாண்டுக் காலமாகச் சட்டத்தின் பார்வை பெரிதும் மாறவில்லை என்பது இதனால் புலனாகும்.

நபிமொழிகளிலும் இப்பொருள் தொடப்படுகிறது. இஹ்ராம் நிலையில் இருப்பவரும், புனித எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து உயிரினங்களுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'அல்கல்புல் அகூர்' என்பதைக் குறிப்பிட்டார்கள். இச்சொல் நாயினம் முழுவதையும் சுட்டாது. கடித்துக் காயப்படுத்துவதையே சுட்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில், மக்களைத் தாக்கிக் காயப்படுத்தி அச்சுறுத்தும் சிங்கம், சிறுத்தை, ஓநாய் போன்றவையும் இச்சொல்லில் அடங்கும் என விளக்கம் தந்துள்ளார்கள். அனுமதியின் காரணம் விலங்கின் இனமன்று, அதன் தாக்கும் இயல்பே என்பது இதன் கருத்து. இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டிய மற்றொரு நபிமொழி, நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றோடு கொண்டுசேர்க்க வேண்டாம் என உரிமையாளருக்குக் கூறுவதாகும். கால்நடைகளைப் பிரித்துவைத்தல் குறித்த தெளிவான வழிகாட்டுதல்களுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம்.

ஆனால் சட்டத்தால் மட்டும் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. கடித்த நாய் வெறிபிடித்ததுதானா என்பதை எவ்வாறு அறிவது?

அரபு மருத்துவர்களின் கேள்வி

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், வெறிநாய் கடித்தால் பிற விலங்குகள் வெறிகொள்ளும் என்றும் மனிதனுக்கு மட்டும் அது தொற்றாது என்றும் எழுதிவைத்தார். நம் நாட்டின் சுசுருத சம்ஹிதையோ, வெறிகொண்ட நாய், நரி முதலியவற்றால் கடியுண்டவர் நீரைக் கண்டோ அதன் ஒலியைக் கேட்டோ அஞ்சத் தொடங்கினால் பிழைக்கமாட்டார் எனத் துல்லியமாகக் குறித்தது. இவ்விரு மரபுகளின் அறிவும் பக்தாதின் மொழிபெயர்ப்புக் கூடங்களில் ஒன்றுசேர்ந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்ஜாஹிழ் தம் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில் நாய்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அரசர்கள், உயர்குடியினர் ஆகியோரின் இரத்தம் வெறிநாய்க்கடிக்கு மருந்தாகும் என்ற பழைய அரபு நம்பிக்கையையும் அவர் பதிவுசெய்தார். அர்ராஸி (865–925) நாய்க்கடிக்குப் பின் நீரைக் கண்டு அஞ்சும் நோயாளிகளைப் பற்றி எழுதினார்.

மேலை உலகில் அவிசென்னா எனப் பெயர்பெற்ற இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலின் நான்காம் பகுதியில் இதனை ஆராய்கிறார். வெறிநாயின் அடையாளங்களாக அவர் தருபவை நேரில் கண்டெழுதியவை போலவே தோன்றும்: சிவந்த கண்கள், தொங்கும் நாக்கு, வழியும் எச்சில், தாழ்ந்த தலை, கால்களுக்கிடையே ஒடுங்கிய வால், கண்டதும் விலகியோடும் பிற நாய்கள். காயத்தை உடனே ஆறவிடாமல் திறந்து வைக்கவேண்டும் என்றும் அவர் கூறுகிறார். ஆயின் கடித்த நாய் கண்ணில் படாமல் ஓடிவிட்டால் என் செய்வது? அதற்கும் ஒரு சோதனை சொல்லப்பட்டது. காயத்தின் இரத்தத்தில் ரொட்டித் துண்டை நனைத்து வேறொரு நாய்க்கு இடவேண்டும். அது உண்ண மறுத்தால் கடித்தது வெறிநாய். கிரேக்க மருத்துவத்தில் இதற்கு முன்னோடியான சோதனை ஒன்றும் வழங்கிற்று: அரைத்த கொட்டைப் பருப்பைக் காயத்தின்மேல் வைத்துக் கட்டிப் பின் அதனைக் கோழிக்கு இடுவது, கோழி இறந்தால் கடித்தது வெறிநாய்.

இச்சோதனைகளால் எதையும் நிறுவ இயலாது என இன்று அறிவோம். எனினும் அவற்றை எள்ளி நகையாடுதல் முறையன்று. கடியுண்டவரின் காயம் மட்டும் அவருக்குரிய ஆபத்தைச் சொல்லாது, கடித்த விலங்கின் நிலையே அதனைச் சொல்லும் என்ற உண்மையை அம்மருத்துவர்கள் உணர்ந்திருந்தனர். கேள்வி சரியானது, விடைகாணும் கருவிதான் அவர்களிடம் இல்லை. அந்தக் கருவி நுண்ணோக்கியோ வேதிப்பொருளோ அன்று, பொறுமையோடு பார்த்திருத்தலே என்பது புலப்பட மேலும் எட்டு நூற்றாண்டுகள் ஆயின.

உமிழ்நீர் சொன்ன செய்தி

1804இல் ஜெர்மானிய மருத்துவர் சின்கே, வெறிநாயின் உமிழ்நீரை நலமான நாயொன்றின் காயத்தில் தடவி, நோய் அவ்வழியே தொற்றுவதைச் சோதனையால் மெய்ப்பித்தார். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர், நாயால் கடியுண்ட ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பூசியைச் செலுத்தத் தொடங்கினார். அச்சிறுவன் பிழைத்த செய்தி உலகறிந்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின் நடந்த மற்றோர் ஆய்வை அறிந்தோர் குறைவு. 1890இல் பாஸ்டரின் மாணவர் எமில் ரூவும் கால்நடை மருத்துவர் எட்மண்ட் நொக்கார்டும் ஓர் எளிய கேள்வியை எழுப்பினர்: நோய்க்கிருமி நாயின் உமிழ்நீருக்கு எப்போது வருகிறது? நாய் வெறி காட்டுவதற்குச் சில நாள்கள் முன்னரே வந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட விடை. அதாவது, பார்வைக்கு நலமாகத் தோன்றும் நாயும் நோயைப் பரப்பலாம். ஆயின் அந்நிலை சில நாள்களே நீடிக்கும்.

பத்து நாள் விதியின் வேர் இங்கேயே உள்ளது. கடிவாய் வழியே புகுந்த நச்சுயிரி நரம்புகள் வழியாக மெல்ல மூளையை அடைகிறது. அங்குப் பெருகிய பின்னரே மீண்டும் நரம்புகள் வழியே உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்குகிறது. எனவே உமிழ்நீரில் நச்சுயிரி இருக்கிறதென்றால் மூளை ஏற்கெனவே தாக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அவ்விலங்கு ஓரிரு நாளிலோ ஒரு வாரத்திலோ நோய்க்குறி காட்டும், பின் மடியும். கடித்த நாளிலிருந்து பத்து நாள் கழிந்தும் நாய் உண்டு, குடித்து, நலமாக உலவினால், கடித்த அன்று அதன் உமிழ்நீர் தூய்மையாக இருந்தது என்று முடிவு கட்டலாம். இம்முடிவின் எல்லையையும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்த நாய்க்கு நோயே இல்லை என்று பத்து நாள் காவல் சொல்வதில்லை. கடித்த நாளன்று அது நோயைத் தரவில்லை என்று மட்டுமே சொல்கிறது.

கண்காணிப்பு வேறு, நோய்த்தடுப்புத் தனிமைப்படுத்தல் வேறு என்பதும் இவ்விடத்தில் விளங்கும். வெறிநாயால் கடியுண்ட மற்றொரு நாயின் உடலில் நோய் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் உறங்கிக் கிடக்கலாம். அத்தகைய நாய்க்குப் பத்து நாள் போதாது. பல மாதக் காவல் வேண்டும். இதனாலேயே பிரிட்டன் 1897இல் நாய்களுக்கு வாய்ப்பூட்டுக் கட்டாயம் என ஆணையிட்டதோடு, கடல்கடந்து வரும் நாய்களுக்கு நீண்ட தனிமைக் காலத்தையும் விதித்தது. 1902இல் அத்தீவு வெறிநோயிலிருந்து விடுபட்டது. முதல் உலகப்போர் முடிவில் நாடு திரும்பிய படைவீரர்கள் மறைத்துக் கொணர்ந்த நாய்களால் நோய் மீண்டும் நுழைய, 1922 வரை போராடி மறுபடி ஒழித்தனர். ஆறு மாதத் தனிமை விதி அங்கு 2000ஆம் ஆண்டுவரை தளர்த்தப்படாமல் நின்றது. ஆறு மாதம் என்பது நோய் உறங்கும் காலத்தின் அளவு. பத்து நாள் என்பது நோய் உமிழப்படும் காலத்தின் அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் பலர்.

குன்னூரும் பதினான்கு ஊசிகளும்

இந்தியாவில் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருத்துவம் செய்யும் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் இமயச் சாரலின் கசௌலியில் தொடங்கப்பட்டது. தென்னாட்டு மக்களுக்கு அது எட்டாத் தொலைவு. 1907இல் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடை அதற்கு உதவிற்று. திருக்கழுக்குன்றத்தில் கடியுண்ட ஒருவர் அந்நாளில் அங்குச் செல்ல வேண்டுமாயின், செங்கல்பட்டுக்கு வந்து, சென்னை சென்று, மேட்டுப்பாளையம்வரை ரயிலேறி, 1899 முதல் ஓடிக்கொண்டிருந்த மலை ரயிலில் குன்னூரை அடைய வேண்டும். பெரும்பாலானோரிடத்தில் நோய் வெளிப்பட ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும் என்பதாலேயே அத்தகைய நெடும்பயணத்துக்கும் பொருள் இருந்தது.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசி, ஆட்டு மூளைத் திசுவைப் பினாயிலின் மூலப்பொருளாகிய ஃபீனாலால் செயலிழக்கச் செய்து ஆக்கப்பட்டது. மலிவானது, எளிதில் தயாரிக்கத்தக்கது, எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆயினும் அதற்கு இரு குறைகள் இருந்தன. நாள் தவறாமல் வயிற்றில் செலுத்தப்பட வேண்டிய ஊசிகளின் வலி ஒன்று. "தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்ற சொல் தமிழகத்தில் இரண்டு மூன்று தலைமுறைகளை நடுங்கவைத்தது. மற்றொன்று வலியினும் கொடியது. மூளைத் திசு கலந்திருந்தமையால், ஊசி பெற்றவருள் சிலருக்கு நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு உறுப்புகள் செயலிழந்தன. சிலர் உயிரையும் இழந்தனர்.

பத்து நாள் காத்திருக்கும் வழக்கம் மக்களிடையே வேரூன்றியதை விளக்குவதற்கு இந்தப் பின்னணி இன்றியமையாதது. மருந்தே ஆபத்துடையதாக இருக்கும்போது, தேவையற்றவருக்கு அதனைத் தராமலிருப்பது மருத்துவரின் கடமை. கடித்தது அறிமுகமான வீட்டு நாய், அது நலமாக உள்ளது, கடித்ததற்கு அதனைச் சீண்டியதே காரணம் என்றால், "நாயைக் கவனித்துக்கொண்டிரு" என அனுப்பிவைப்பதில் நியாயம் இருந்தது. ஒரு பக்கம் சிறு ஆபத்து, மறுபக்கமும் சிறு ஆபத்து. இரண்டையும் எடைபோட்டு எடுத்த முடிவு அது. மக்களின் நினைவில் தங்கியதோ அந்த எடைபோடல் அன்று, முடிவு மட்டுமே.

மூளைத் திசுத் தடுப்பூசியை இந்தியா 2004ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிட்டது. இப்போது பயன்படுத்தப்படும் உயிரணு வளர்ப்புத் தடுப்பூசிகள் கையில் போடப்படுகின்றன. தோலினுள் செலுத்தும் முறையில் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள்கள் என நான்கு வருகைகளே போதும். பக்கவிளைவு மிகக் குறைவு. ஆழமான கடியாயின் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் செலுத்தப்படும். எடைத்தட்டின் ஒரு பக்கத்து ஆபத்து ஏறத்தாழ நீங்கிவிட்டது. ஆனால் மறுபக்கத்தில் இருப்பதோ, நோய்க்குறி தோன்றிய பின் ஏறத்தாழ எவரும் பிழைக்காத நோய். தராசு முற்றிலும் சாய்ந்துவிட்ட பின்னும், "பத்து நாள் பார்ப்போம்" என்ற பழைய தீர்ப்பு மட்டும் வாய்வழக்கில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. இதுவே நாம் தொடக்கத்தில் குறித்த பிழையின் பிறப்பிடம்.

சுரண்டையின் நாய்

பத்து நாள் விதிக்குத் தமிழகமே எழுப்பிய அறைகூவல் ஒன்றும் மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சுரண்டையில் ஒரு நாய் ஒருவரைக் கடித்தது. கடியுண்டவர் வெறிநோயால் இறந்தார். நாயோ இறக்கவில்லை. குன்னூர் நிலையத்தின் இயக்குநராயிருந்த வீரராகவனும் அவருடைய குழுவினரும் அந்த நாயைத் தம் கண்காணிப்பில் வைத்து, அதன் உமிழ்நீரைத் தொடர்ந்து சோதித்தனர். நலமாகவே காணப்பட்ட அந்நாயின் உமிழ்நீரில் நச்சுயிரி விட்டுவிட்டு வெளிப்படுவதை அவர்கள் கண்டனர். 1960களின் பிற்பகுதியில் அந்நிலையத்தின் அறிவியல் அறிக்கைகளில் இவ்வாய்வு வெளிவந்தது. உலகெங்கும் வெறிநோய் ஆய்வாளர்கள் இன்றும் 'சுரண்டை நாய்' என்றே அதனைச் சுட்டுகின்றனர்.

பின்னர் 1982இல் வெளியான ஃபெக்காடு முதலியோரின் ஆய்வு, எத்தியோப்பியாவில் கிடைத்த ஒருவகை நச்சுயிரியைச் செலுத்திய நாய்களில் நோய்க்குறி தோன்றுவதற்கு 13 நாள்கள் முன்பே கூட உமிழ்நீரில் அது காணப்பட்டதைத் தெரிவித்தது. மெக்சிகோவின் வகையில் அது 7 நாள்களாக இருந்தது.

இவற்றைக் கொண்டு பத்து நாள் விதி பொய்த்துவிட்டது எனக் கூறுதல் பொருந்தாது. சுரண்டை நாய் மிக அரிதான விதிவிலக்கு. கோடிக்கணக்கான கடிகளின் அனுபவம் விதியின் பக்கமே நிற்கிறது. எனினும் அவ்விதிவிலக்கு உணர்த்துவது ஒன்றுண்டு: நாயின் நலத்தை மட்டும் பற்றுக்கோடாகக் கொண்டு ஒரு மனிதனின் மருத்துவத்தை ஒத்திப்போடக் கூடாது. உலக நலவாழ்வு நிறுவனமும் இந்திய வழிகாட்டு நெறிகளும் இன்று கூறும் ஒழுங்கு இதுவே. கடியுண்டவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றே தடுப்பூசியைத் தொடங்கவேண்டும். அதேவேளையில் நாயும் கண்காணிக்கப்படட்டும். பத்து நாளும் அது நலமாயிருந்தால் எஞ்சிய ஊசிகளைக் குறித்து மருத்துவர் முடிவெடுப்பார். இந்தக் கண்காணிப்பு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே பொருந்தும். குரங்கு, நரி, கால்நடை ஆகியவற்றுக்குப் பொருந்தாது.

நாயைக் காண்பதற்கு யார்?

பத்து நாள் விதி பிறந்த நாடுகளில் பெரும்பாலான நாய்க்கு ஒரு வீடும், வீட்டுக்கு ஒரு கதவும் இருந்தன. எஷ்நுன்னாவின் சட்டமும் மஜல்லாவின் விதியும் கூட ஓர் உரிமையாளரை முன்வைத்தே பேசின. திருக்கழுக்குன்றத்துக் கடைத்தெருவிலோ மாமல்லபுரத்துக் கடற்கரையிலோ ஒருவரைக் கடித்துவிட்டு ஓடும் நாய்க்கு உரிமையாளர் யார்? பத்து நாளும் அதனைப் பார்த்திருக்கப்போவது யார்? கடலைக் காண வந்து கடியுண்ட பயணி மறுநாள் ஊர் திரும்பிவிடுவார். காணாத நாயைக் கண்காணிக்கும் விதி காகிதத்தோடு நின்றுவிடும்.

கழுகுகளின் மறைவு இங்கேதான் நம் பொருளோடு வந்து சேர்கிறது. கால்நடைகளுக்கு வலிநீக்கியாகத் தரப்பட்ட டைக்ளோஃபினாக், அவற்றின் இறைச்சியை உண்ட பாறுகளின் சிறுநீரகங்களை அழித்தது என்பதை 2004இல் வெளியான ஆய்வு நிறுவியது. 2006இல் இந்தியா கால்நடை மருத்துவத்தில் அதனைத் தடைசெய்தது. அதற்குள் இந்தியாவின் முக்கியக் கழுகினங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலாக அழிந்துவிட்டன. அவை உண்ணாமல் விட்ட பிணங்கள் நாய்களுக்கு உணவாயின. 2008இல் மார்கண்டேயா முதலியோர் வெளியிட்ட கணக்கீட்டின்படி, 1992 முதல் 2006 வரையிலான காலத்தில் கழுகுகளின் அழிவால் நாய்கள் 55 இலட்சமேனும் பெருகின. கூடுதலாக 47,000க்கும் மேற்பட்டோர் வெறிநோயால் இறந்தனர். கழுக்குன்றின் இரு பறவைகள் வாராமற்போனதற்கு இதுவே காரணம் எனக் கூற நாம் முற்படவில்லை. வானில் ஓர் உயிரினம் குறையும்போது தெருவில் மனிதன் அதற்கு விலை கொடுக்கிறான் என்பதற்கு, கழுகின் பெயர் தாங்கிய அவ்வூர் தக்கதொரு நினைவூட்டலாக நிற்கிறது.

உரிமையாளரற்ற நாய்க்கு உள்ளாட்சி அமைப்பே உரிமையாளர் என்னும் நிலையை இந்தியச் சட்டம் மெல்ல மெல்ல ஏற்றது. 2001ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு (நாய்கள்) விதிகள், வெறிநோய் ஐயத்துக்குரிய நாயை உள்ளாட்சியினர் பிடித்துத் தனிமைக் கூடத்தில் அடைக்கவேண்டும் என்றன. ஒரு கால்நடை மருத்துவரும் விலங்குநல அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் அதனைப் பார்வையிட வேண்டும். நோய்க்கான வாய்ப்பு மிகுதி எனக் கண்டால், இயற்கையாக இறக்கும்வரை அது தனிமையில் வைக்கப்படும். ஐயத்தின் பேரில் முன்கூட்டியே கொன்றுவிடுவது நோயின் உண்மையான பரவலை மறைத்துவிடும் என்ற காரணமும் அவ்விதிகளிலேயே சொல்லப்பட்டது. அவற்றுக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் விதிகளும் இவ்வணுகுமுறையைத் தொடர்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட தெருநாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றபோது, வெறிநோய் உள்ளவை, அந்த ஐயத்துக்குரியவை, மூர்க்கமானவை ஆகியவற்றை அதிலிருந்து விலக்கியது. விதி உள்ளது, ஆயின் தனிமைக் கூடமும், அதனைக் காக்கும் ஆளும், அழைத்தால் வரும் கால்நடை மருத்துவரும் இல்லாத ஊரில் அவ்விதி எவ்வாறு உயிர்பெறும்? செங்கல்பட்டையடுத்த திருமணியில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் எழுப்பப்பட்டபோது, அங்குத் தயாரிக்கத் திட்டமிட்டவற்றுள் வெறிநோய்த் தடுப்பூசியும் இருந்தது. 2021இல் கொரோனாக் காலத்தில் அவ்வளாகம் உற்பத்தி தொடங்காத நிலையில் கிடந்ததை நாடு கண்டது. கட்டடம் எழுப்புவதும் அதனை இயக்குவதும் இரு வேறு செயல்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

காவலில் இருக்கும் உயிர்

பத்து நாள் காவலில் இரண்டு உயிர்கள் அடங்கியுள்ளன. கடியுண்டவரின் உரிமை தாமதமற்ற மருத்துவம். கடித்த விலங்கின் உரிமை ஐயத்தினாலேயே கொல்லப்படாதிருத்தல். கோபத்தில் தடியெடுத்து நாயின் தலையை நசுக்குவோர், தம்மையறியாமல் கடியுண்டவருக்கே தீங்கிழைக்கின்றனர். 1903இல் நெக்ரி கண்டறிந்த நுண்ணுருக்கள் முதல் இன்றைய ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனைவரை, நாய்க்கு நோய் இருந்ததா என்பதை உறுதிசெய்யும் சோதனைகள் அனைத்துக்கும் சிதையாத மூளையே தேவை. உயிரோடிருந்து பத்து நாள் கவனிக்கப்படும் நாயோ எந்த ஆய்வுக்கூடமும் இன்றி விடையைத் தந்துவிடும்.

அடைத்துவைக்கப்படும் விலங்குக்கும் உரிமையுண்டு. ஒரு பூனையை உணவின்றி அடைத்துவைத்துச் சாகவிட்ட பெண் அதற்காகத் தண்டனைக்குள்ளானதையும், தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டிருந்த நாய்க்கு நீர் தந்தவர் அதற்காக மன்னிக்கப்பட்டதையும் நபிமொழிகள் கூறுகின்றன. ஹிஜ்ரி 660இல் மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன்மீது விலங்குக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, முதுமையாலோ நோயாலோ பயன் தராத நிலையை அது அடைந்துவிட்ட போதும் அதற்கு உணவளிப்பதை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார்கள். நோய் ஐயத்தால் கட்டிவைக்கப்பட்ட நாயின் முன்னே வைக்கப்படும் நீர்க்கிண்ணம் இரக்கத்தின் அடையாளம் மட்டுமன்று. அது நீரை அருந்துகிறதா, விழுங்க இயலாமல் தவிக்கிறதா என்பதே காவலிருப்போர் அன்றாடம் குறித்துக்கொள்ள வேண்டிய முதல் குறிப்பும் ஆகும். கடியுண்டவரின் கையில் முதல் ஊசி ஏறிய பின், அந்த நீர்க்கிண்ணத்தைப் பத்து நாளும் பொறுமையோடு கவனித்திருக்கலாம்.